விளக்கத்தில் உள்ளபடியே

“ஐயோ கடவுளே, திரும்பவும் ஓடரை நீக்கிட்டுதுடி!”

பிரஷாந்தி விசைப்பலகையை முன்னே தள்ளிவிட்டாள். பக்கத்து மேசையிலிருந்த தனுஷா, நாற்காலியோடு நகர்ந்து வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

கல்லடியில் இயங்கிய ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் பிரஷாந்தி இன்னமும் தகுதிகாண் காலத்திலேயே இருந்தாள். காத்தான்குடியில் புடவைக்கடை நடத்தும் அஹமட் ஹாஜியாருக்காக அந்நிறுவனத்தில் ஓர் ஏஐ முகவர் தயாராகிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் அனுப்பும் செய்தியை வாசித்து, அவர் வாங்கக் கொடுத்த ஓடரைத் தேடுவதா, திருத்துவதா, நீக்குவதா என்று அதுவே தீர்மானித்து, உரிய கருவியை இயக்க வேண்டும். எந்தக் கருவியை எப்போது இயக்குவது என்ற விளக்கங்களை எழுதும் பொறுப்பு பிரஷாந்தியுடையது.

அன்று வெள்ளிக்கிழமை. மாலைக்குள் முகவர் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் ஹாஜியார் கொழும்பு நிறுவனமொன்றை நாடிவிடுவார். பிரஷாந்தியின் நிரந்தர நியமனமும் அத்தோடு கைநழுவிப் போய்விடும்.

காலையில் முகாமையாளர் றமீஸா, ஹாஜியாரின் கடையிலிருந்து தொலைபேசியில் அழைத்திருந்தார். “முகவர் தயார். நீங்க வாடிக்கையாளர் மாதிரி எழுதிப் பாருங்க. உங்கட விளக்கத்தத் தவிர அதுக்கு வேற ஒண்டும் தெரியாது.”

“நீ என்னடி கேட்ட?” என்றாள் தனுஷா.

“பச்சைச் சாறன் எண்டு பிழையாப் போட்டுட்டன், நீலமாக்கித் தாங்க எண்டு கேட்டன். நிறத்த மாத்தச் சொன்னா ஓடரையே தூக்கி எறியுது!”

“விளக்கத்தில என்ன எழுதியிரிக்காய்?”

பிரஷாந்தி நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தாள். “ஓடரை நீக்கு: வாடிக்கையாளர் தமது ஓடர் குறித்து அதிருப்தி தெரிவிக்கும் சந்தர்ப்பங்களில் தக்கவாறு பயன்படுத்தலாம்.”

“மற்றது?”

“ஓடரைத் திருத்து: ஓடர் தொடர்பான தேவையான நடவடிக்கைகளை மேற்கொள்ளும்.”

தனுஷா சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள். “இது விளக்கமா, கச்சேரியில இருந்து வாற அரசாங்கக் கடிதமா? நிறத்த மாத்தக் கேக்கிறவன் அதிருப்தியிலதானே கேக்கிறான்? பிறகு அது நீக்காம என்ன செய்யும்?”

“உலகத்தில உள்ள எல்லாத்தையும் படிச்ச மெஷினாம். இதுகூட விளங்காதா அதுக்கு?”

ஆத்திரம் தாளாமல் பிரஷாந்தி தட்டச்சுச் செய்தாள்: “உனக்கு மூளையிரிக்கா, களிமண்ணா?”

சற்றுத் தாமதித்தே பதில் வந்தது: “மன்னிக்கவும். விளக்கத்தில் உள்ளபடியே செய்தேன்.”

“பாருடி, வாய் வேற!”

“பதிலும் மெதுவாத்தான் வருது. வயசு போன மெஷின் போல,” என்றாள் தனுஷா.

பிரஷாந்தி விளக்கத்தை மாற்றி எழுதினாள். இம்முறை முகவர் திருத்தும் கருவியைத்தான் தெரிவுசெய்தது. ஆனால், அப்படியொரு ஓடரே இல்லை என்று கையை விரித்துவிட்டது.

“போன் நம்பரக் கொண்டுபோய் ஓடர் இலக்கத்துக்குப் போட்டிருக்குடி!”

“நீ ‘இலக்கத்தைக் கொடுக்கவும்’ எண்டு மட்டுந்தானே எழுதியிரிக்காய். எந்த இலக்கமெண்டு அது சாத்திரமா பாக்கும்?”

“நீ எனக்குக் கூட்டாளியா, அதுக்குக் கூட்டாளியா?”

உச்சிப்பொழுதில் முகவர் அடியோடு மௌனமாகிவிட்டது. எதை எழுதினாலும் பதிலில்லை.

“சேர்வர் விழுந்திட்டு. நீ ஏசின ஏச்சுக்கு நானெண்டாலும் விழுந்திருப்பன்,” என்றாள் தனுஷா.

வேறு வழியின்றி இருவரும் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள். உண்டு முடித்துச் சிறிது நேரத்தில் முகவர் தானாகவே உயிர்பெற்றது.

பிரஷாந்தி பெருமூச்சோடு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து எழுதினாள்.

“ஓடரைத் திருத்து: நிறம், அளவு, முகவரி ஆகியவற்றில் ஒன்றை மாற்றக் கேட்டால் இதைப் பயன்படுத்தவும். இதற்கு ஓடர் இலக்கம் வேண்டும். வாடிக்கையாளருக்கு அது தெரியாவிட்டால், ‘ஓடரைத் தேடு’ கருவியில் அவருடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து முதலில் அதைப் பெறவும்.

ஓடரை நீக்கு: ஓடரே வேண்டாம் என்று வாடிக்கையாளர் தெளிவாகச் சொன்னால் மட்டும். எதையாவது மாற்றக் கேட்டால் இதைத் தொட வேண்டாம்.”

சாறன் கேள்வியைத் தொலைபேசி இலக்கத்தோடு மீண்டும் அனுப்பிவிட்டு, இருவரும் திரையைப் பார்த்திருந்தார்கள்.

“உங்கள் ஓடர் கிடைத்தது. பச்சைச் சாறன் நீலமாக மாற்றப்பட்டது. வேறு ஏதும் வேண்டுமா?”

பிரஷாந்தியால் நம்ப முடியவில்லை. அளவை மாற்றக் கேட்டாள், மாற்றியது. முகவரியை மாற்றக் கேட்டாள், மாற்றியது. ஓடரே வேண்டாமென்றாள், அப்போது மட்டும் நீக்கியது. “இப்பதான் உனக்குப் புத்தி வந்திருக்கு!” என்று எழுதி அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள்.

மாலையில் றமீஸாவும் ஹாஜியாரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். பிரஷாந்தி பணிவாக எழுந்து நின்றாள்.

“ஹாஜியார், உங்கட ஏஐ இப்ப ஒரு பிழையும் விடாம வேலை செய்யுது. காலையில இருந்து என்னப் படாதபாடு படுத்திட்டு.”

“ஏஐய இன்னும் இணைக்கல்ல, பிரஷாந்தி,” என்றார் றமீஸா. “மறுபக்கம் இருக்கிறது ஆள் எண்டு தெரிஞ்சா, எழுத்த விட்டுட்டு வாயால விளங்கப்படுத்திப் போடுவீங்க. அதான் சொல்லல்ல.”

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைக் கசக்கிக்கொண்டார். “ஜும்மாத் தொழுகைக்குப் போன நேரந்தவிர, விடியத்துல இருந்து உங்களுக்குப் பதில் எழுதினது நான்தான் புள்ள. கடைசியா நீங்க எழுதினது எனக்கே வெளங்கிட்டு, இனி என்ட இடத்துல மெஷினப் பூட்டுங்க.”