தொடவே இல்ல அத்தான்

"இருபத்தஞ்சு கிலோ! நீங்களேதான் தூக்குனீங்க அத்தான். நான் தொடவே இல்ல!"

பின்னால் நின்ற மச்சினன் போட்ட கூச்சலில் ஜிம்மே திரும்பிப் பார்த்தது. கண்ணாடிக்காரர் கம்பியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே தன் தோளைத் தடவிப் பார்த்தார். லேசாகப் புடைத்திருக்கிறதா, இல்லை ஆசைக் கோளாறா?

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாடிக்கைக்காரர்களின் மூக்கு அளவெல்லாம் அவருக்கு மனப்பாடம். இப்போது ஆறு மாதமாக இன்ச் டேப்பும் கையுமாகத் தன் தோளையே அளந்துகொண்டிருக்கிறார். அரை இன்ச் ஏறியிருக்கிறது. அரை இன்ச் என்றால் சும்மாவா?

"நாப்பத்திரண்டு வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை? ஹேங்கர்ல மாட்டின சட்டை மாதிரி இருந்தப்பவே நான் கட்டிக்கலையா?" என்பாள் மனைவி.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பாள்.

போன வருஷம் சைக்கிள் ரேஸ் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தார்கள். சரியான கூட்டம். மகளுக்கு அப்போது ஐந்து வயது, ஒன்றுமே தெரியவில்லை என்று சிணுங்கினாள். தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். பத்தடி போவதற்குள் கை நடுங்கி, கால் பின்னி, இறக்கிவிட வேண்டியதாகிவிட்டது.

மச்சினன் அவளை அலாக்காகத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான். அவனுக்கு வேலை வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில். ஃபிரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவனுக்கு ஒரு பாப்பா எம்மாத்திரம்?

"இனிமே எப்பவும் மாமா தோள்தான்! அப்பா தோள் வேணாம், குத்துது" என்றாள் மகள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்த வார்த்தை மாதக்கணக்கில் மனசைவிட்டுப் போகவில்லை.

ஒருநாள் மகளை எடை பார்க்கும் மெஷினில் நிறுத்தினார். இருபது கிலோ. மேலே ஒரு ஐந்து, எதற்கும் இருக்கட்டும். ஆக இருபத்தைந்து. அன்றைக்கே ஜிம்மில் சேர்ந்தார்.

அங்கே போனால், அங்கேயும் இந்த மச்சினன்! கதவகலத் தோளை வைத்துக்கொண்டு, கூப்பிடாமலே வந்து பின்னால் நின்றுகொள்வான். கம்பி பாதியில் நின்று இவர் முழி பிதுங்கும்போதெல்லாம், அது எப்படியோ மேலே போய்விடும். உடனே காதருகே அந்தக் கூச்சல்: "தொடவே இல்ல அத்தான்!"

கேலி செய்கிறான் என்றுதான் கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

இதோ, இந்த வருஷ ரேஸும் வந்துவிட்டது.

தெருவின் இரண்டு பக்கமும் மூன்று வரிசைக்கு ஆட்கள். மகள் இரண்டு கையையும் மேலே நீட்டினாள். அப்பாவிடம் இல்லை, மாமாவிடம். கண்ணாடிக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஆ... அம்மா!" மச்சினன் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினான். "நேத்து ஒரு பீரோ இறக்கினேன் பாப்பா. தோள் பிடிச்சுக்கிச்சு. கையைத் தூக்கவே முடியல. அப்பாகிட்ட போடா."

"அப்பா கீழே போட்டுடுவாரு."

"மாட்டேன்டி, வா!"

குந்தி உட்கார்ந்தார். ஏறிக்கொண்டாள். மூச்சைப் பிடித்து எழுந்தார். கை நடுங்கவில்லை. கால் பின்னவில்லை. பத்தடி போயிற்று, இருபதடியும் போயிற்று.

"அப்பா! குத்தவே இல்லப்பா!"

அடடா, அந்த மனுஷனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"பாத்தியா மாப்ளே? பெரிசா இருந்தா மட்டும் பத்தாது. உன்னோடது எல்லாம் காத்தடிச்ச பலூன்! ஒரு பீரோவுக்கே படுத்துட்டியே!"

"ஆமா அத்தான், ஒத்துக்கறேன்." மச்சினன் தோளைத் தேய்த்துக்கொண்டான்.

"அவனே வலியில துடிக்கிறான், விடுங்களேன்" என்றாள் மனைவி.

விடுவாரா? "நாளைக்கு ஜிம்முக்கு வா. உன் பின்னால நான் நிக்கறேன்!" என்று சொல்லிவிட்டு, மகளோடு கூட்டத்தை விலக்கி முன்னால் போனார்.

சைக்கிள்கள் சர் சர்ரென்று பறந்தன. மேலேயிருந்து மகள் "சிவப்பு! மஞ்சள்! பச்சை!" என்று கத்திக்கொண்டே வந்தாள். திடீரென்று பின்பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அங்க மாமா ஒரு தாத்தாவைத் தூக்கறாரு!"

"எந்தத் தாத்தாவை?"

"குண்டு தாத்தா. கீழே உக்காந்திருந்தா ரேஸ் தெரியாதுல்ல? அதான் நாற்காலியோட தூக்கிக் கடைப்படி மேல வெச்சுட்டாரு. ஐ, இப்போ பாட்டியையும்!"

கண்ணாடிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். காது இரண்டும் சூடாகிவிட்டன. அந்தக் காதுக்குப் பின்னால் ஆறு மாதம் கேட்ட குரல் மறுபடி கேட்டது. அந்த இருபத்தைந்து கிலோவில் தான் தூக்கியது எத்தனை, அவன் தூக்கியது எத்தனை?

பலூன் என்று சொன்னோமே! வெட்கமாக இருந்தது. அழுகைகூட வரும்போல இருந்தது.

"ஏம்பா, மாமாவுக்குத் தோள் வலின்னு சொன்னாரே?" மகள் இன்னும் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"முன்னாடி பாருடா செல்லம். நாம பாத்துட்டோம்னு தெரிஞ்சா மாமாவுக்கு நிஜமாவே வலிக்கும்."