டொரண்டோவிலிருந்து மணவாள நகர் வரை

“நடுவுல எங்கனா நிக்குமா, நேரா வந்துருமா?”

“கத்தார்ல எறங்கி வேற ப்ளேன் மாறணும்மா. எப்டி பாத்தாலும் ஒரு நாள் ஆயிடும்.”

பென்னி கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். டொரண்டோவுக்கும் சென்னைக்கும் நடுவே பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. ஆரோக்கியமேரி அதை கடம்பத்தூர் பஸ் நேரம் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மீனம்பாக்கத்திலிருந்து வீடு வந்து சேர எவ்வளவு ஆகும் என்று அடுத்ததாகக் கேட்டார். பூந்தமல்லி நெரிசலையும் சேர்த்து இரண்டு மணி நேரம் என்றான்.

மணவாள நகரில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவன் பென்னி. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத்தான் பெட்டி அதிகம் போகும் என்பதால், விமான நேரம் பார்த்துச் சொல்வதும் தொழிலில் சேர்ந்துவிட்டது. இறந்தது யார் என்று மட்டும் அவன் கேட்பதில்லை. பெட்டியோடு போய் இறங்கினால் தானே தெரிந்துவிடும்.

ஆரோக்கியமேரி அவனுக்குப் புதியவர் அல்ல. ஆறு வருடத்துக்கு முன்பு அவர் கணவர் போனபோதும் இவன் பெட்டிதான். தகவல் தெரிந்த அன்றே மகள் ஷைனி டிக்கெட் போட்டு ஓடிவந்தாள். அதன் பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், அடுத்த வருஷம் கண்டிப்பாக வருகிறேன் என்று வீடியோவில் சொல்வதோடு சரி. பேரனுக்கு நான்கு வயதாகிவிட்டது. ஆரோக்கியமேரி இன்னும் தூக்கிப் பார்த்ததில்லை.

“இப்பனா வருதா பாப்பா?”

“இதுக்குக்கூடவா வராம பூடுவா?”

பெட்டி அளவுக்காக, இறந்தவரின் உயரம் என்ன என்று பென்னி கேட்டான். தன் உயரம்தான் இருக்கும் என்றார். கூடப்பிறந்தவர் யாரோ என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பெட்டியை இப்போதே ஏற்றிவிடவா என்று கேட்டதற்கு, அவசரமில்லை, மகள் ஏர்போர்ட்டில் இறங்கிய பிறகு கொண்டுவந்தால் போதும் என்றார். இப்படி யாரும் சொல்லி பென்னி கேட்டதில்லை. உடம்பு ஆஸ்பத்திரியில் இருக்கும்போல என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பிறகு எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னான். கரண்ட் போனாலும் கவலையில்லை, ஜெனரேட்டர் கூடவே வரும். கண்ணாடியில் பனி படிகிற அளவுக்குக் குளிர் நிற்கும்.

ஆரோக்கியமேரியின் முகம் அப்போதுதான் மாறியது. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார்.

“நான் உள்ள படுத்துக்கினு இருக்கசொல்லோ கரண்ட்ட மட்டும் போடாம இருக்கியா, நைனா?”