இணைகரம்

"என் பொண்ணு காதுல என்ன சொன்னீங்க டீச்சர்?"

மணி அடித்த கையோடு ரலிட்சா எழுந்து கேட்டேவிட்டாள். மேல்கோட்டு மாட்டிக்கொண்டிருந்த மற்ற பெற்றோர் அப்படியே நின்றார்கள்.

சிலிஸ்த்ரா நகரத்தின் அந்தப் பள்ளியில் வருஷத்துக்கு ஒருநாள் பெற்றோரும் வகுப்பில் வந்து உட்காரலாம். இன்று நான்காம் வகுப்பில் வடிவியல். ஆளுக்கொரு டேப்லெட், அதில் டாங்கிராம் என்ற உருவப் புதிரின் ஏழு துண்டுகள். அவற்றைச் சேர்த்து நரி செய்ய வேண்டும். யார் முதலில் முடிக்கிறாரோ அவருடைய நரி சுவரிலுள்ள பெரிய திரையில் வந்து வாலாட்டும்.

வாலாட்டியது ஓக்னியனின் நரி. கணக்கில் ஆறுக்கு மூன்றைத் தாண்டாத ஓக்னியன்! ஆறுக்கு ஆறு வாங்கும் ரலிட்சாவின் மகள் பிலியானாவோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெற்றவளுக்கு வயிறு எரியாதா? நேற்று இரவுச் சாப்பாட்டு மேசையில் அட்டைத் துண்டுகளைப் பரப்பி அம்மாவுக்கே பாடம் எடுத்த பெண் அவள். "மத்த ஆறும் புரட்டினாலும் அதேதாம்மா. இந்த இணைகரம் மட்டும் புரட்டினா ஆளே மாறிடும். இதுலதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க."

இன்று அந்த இணைகரத்திலேயே கோட்டை விட்டிருந்தாள். நரியின் வால் தப்புப் பக்கம் சாய்ந்து கிடந்தது.

"ஒண்ணும் சொல்லல மேடம்," என்றாள் நெவேனா டீச்சர். "டேப் கொஞ்சம் மக்கர் பண்ணிச்சு. என்னோட தப்புதான்."

"மக்கர் பண்ற டேப்புக்கு யாராவது காதுல மந்திரம் ஓதுவாங்களா? நீங்க குனிஞ்சு குசுகுசுன்னு பேசினதுக்கு அப்புறம் அவ ஒரு துண்டைக்கூடத் தொடல. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாசலில் நின்ற தலைமை ஆசிரியர் உள்ளே வந்தார்.

"இதுக்கு ஏன் வாக்குவாதம்? பசங்க விரல் அசைக்கிறதெல்லாம் பதிவாகுதில்ல? பெரிய திரையில போடும்மா நெவேனா. எல்லாரும் பார்த்துடலாம்."

நெவேனா வகுப்பைப் பார்த்தாள். ஓக்னியனின் அப்பா இன்னும் அந்த நரியைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அது வேறு ரலிட்சாவின் கண்ணை உறுத்தியது.

"பதிவு அழிஞ்சுபோச்சு சார்."

"அழிஞ்சுபோச்சா, அழிச்சாச்சா?" என்றாள் ரலிட்சா.

தலைமை ஆசிரியரின் முகம் சுருங்கியது. இந்த டேப்லெட்டுகளுக்காக நெவேனா ஏறாத படி இல்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் இத்தனை பேர் முன்னால் அவர் என்னதான் செய்வார்?

"இனிமே டேப் எல்லாம் வேற டீச்சர் பொறுப்புல இருக்கட்டும்மா."

"சரி சார்," என்றாள் நெவேனா.

ரலிட்சாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் கோபம் முழுசாக இறங்கவில்லை. வெளியே தாழ்வாரத்தில் எல்லோரும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பனீட்சாவைப் பிட்டுத் தின்றுகொண்டிருக்க, மகளை ஓர் ஓரமாக இழுத்துப் போனாள்.

"ஏண்டி, எனக்கு மட்டும் வாய் கிழியப் பாடம் எடுத்தே? ஒரு துண்டைப் புரட்டிப்போட வணங்கலையா உனக்கு? அத்தனை பேர் முன்னாடி என் மானமே போச்சு!"

பிலியானா காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது.

நெவேனா வேகமாக வந்தாள். "அவளத் திட்டாதீங்க மேடம். என்னை என்ன வேணா சொல்லுங்க. கொஞ்சம் உள்ள வாங்க."

வகுப்பு காலியாக இருந்தது. நெவேனா கதவைச் சாத்தினாள். பெரிய திரை பக்கம் போகாமல் தன் மேசையிலிருந்த சின்னத் திரையைத் திருப்பி வைத்தாள்.

"பதிவு அழிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். பாருங்க."

பிலியானாவின் துண்டுகள் நகர்ந்தன. முக்கோணங்கள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன, பிறகு சதுரம். கடைசியாக இணைகரத்தை இரண்டு தட்டுத் தட்டிப் புரட்டி, வால் இருக்க வேண்டிய இடத்தில் பொருத்தினாள். நரி முடிந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் அப்போது பாதிகூடத் தாண்டவில்லை. 'முடித்தேன்' பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை.

பிறகு அந்த இணைகரம் மட்டும் வெளியே வந்தது. இரண்டு தட்டு. தப்புப் பக்கமாகப் புரண்டது. அப்படியே கிடந்தது.

ரலிட்சா பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இதப் பார்த்துட்டுத்தான் அவ பக்கத்துல போனேன். சரியா வெச்சத ஏன்மா கலைச்சேன்னு காதோட கேட்டேன். நான் பேசினது அவ்வளவுதான்."

"இத அப்பவே போட்டுக் காட்டியிருந்தா உங்களுக்கு இந்தக் கெட்ட பேர் வந்திருக்காதே டீச்சர்?"

"ஓக்னியனும் பார்த்திருப்பானே மேடம்."

ரலிட்சா திரையில் புரண்டு கிடந்த இணைகரத்தை மறுபடி பார்த்தாள்.

"அதுக்கு... அவ என்ன சொன்னா?"

"'ஓக்னியனோட அப்பா நாளைக்கு மறுபடியும் ஸ்பெயினுக்கு வேலைக்குப் போயிடுவார் டீச்சர். எங்க அம்மாவுக்கு என்ன, நான் ஜெயிக்கிறத எப்ப வேணா பார்த்துக்கலாம்'னா."