குணநாயகத்தார் குழல் தெரிவு செய்கிறார்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத் துப்பாக்கிக் கடை மேசையில் பச்சைத் துணி விரித்திருக்கிறது. அதன்மேல் ஒரு வேட்டைக் கைத்துப்பாக்கி, பக்கத்தில் நீளமும் குட்டையுமாக மூன்று குழல்கள். ஒரு தடவைக்கு ஒரே குண்டுதான், குழலை மட்டும் மாற்றி மாற்றிப் பூட்டலாம் என்று கடைக்காரன் பிரேபன் பொறுமையாக விளக்குகிறான். குணநாயகத்தாரின் காதில் ஒன்றும் ஏறவில்லை. நாங்கள் குடியிருக்கும் பிராண்டேயில் எந்தப் பிறந்தநாள் விழாவென்றாலும், இரண்டாவது கிளாசோடு "நான் பிடிக்காத துவக்கோ?" என்று தொடங்குகிற மனிதர் அவர். அதை நம்பித்தான், சுடும் கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மருமகன் நிரோஜன் அவரைக் கூட்டிவந்திருக்கிறான். அவர் ஒரு துவக்கையும் தொட்டதில்லை என்பது அவர் மனைவிக்குத் தெரியும்; ஆகவே எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும். பாவம், மருமகனுக்கு மட்டும் தெரியாது.

"மாமா, கையிலை எடுத்துப் பாருங்கோவன். எது நல்லம்?"

"அவசரப்படாதையும் தம்பி. உதெல்லாம் எனக்குப் பார்வையிலேயே விளங்கும்." குழலின் ஓரத்தில் ஜன்னல் வெயில் கோடாக ஓடி அவர் கண்ணில் குத்துகிறது. ஜாக்கெட் பைக்குள் நுழைந்த வலக்கை, அகப்பட்ட மஞ்சள் டேனிஷ் சுகாதார அட்டையை இறுகப் பிடித்திருக்கிறது. பிரேபன் நீளக் குழலைப் பூட்டி மூடுகிறான். டக்.

குணநாயகத்தாரைக் கேளாமலே இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விடுகின்றன. நிரோஜன் "மாமா?" என்கிறான். அவரோ, பிறந்தநாள் கதைகள் எதிலும் வராத இலங்கை இராணுவச் சோதனைச் சாவடி ஒன்றில் நிற்கிறார். உயர்ந்த வலக்கை, மஞ்சள் அட்டையை அடையாள அட்டையாகப் பிரேபனுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது.