சுண்ணாம்புதானே, டாக்டரம்மா

டாக்டர் விஜயலக்ஷ்மி நெற்றியில் கட்டிய வட்டக் கண்ணாடி, ஜன்னல் வெயிலை வாங்கி அஸ்மத்துன்னிசாவின் வாய்க்குள் நிலாவாக இறக்குகிறது. மயிலாப்பூர்க் குளத்தையே தூர்த்துவிடும் அளவுக்குப் புகையிலை அடக்கிய இடது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு மினுங்குகிறது. “சுண்ணாம்பு ஒட்டிக்கினு கீது, டாக்டரம்மா, தொடைச்சிடு” என்று வாயை மூடாமலே குழறுகிறாள். ஈரப் பஞ்சு துடைக்கிறது, திட்டு போகவில்லை. மறுபடி துடைக்கிறது, அப்போதும் போகவில்லை. “சுண்ணாம்புன்னா பஞ்சோட வந்திருக்குமே, பீபி.” டாக்டரின் விரல் திட்டை மெல்ல அழுத்துகையில், தெருவில் போகும் ஜட்கா முதல் சாந்தோம் கடல்வரை எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. “கட்டி இல்லே, புண்ணும் இல்லே. இந்த வெள்ளை புத்துநோயா மாறறதுக்கு முன்னாடியே வந்துட்டேள். புகையிலையை இன்னியோட விட்டுடணும்.” அஸ்மத்துன்னிசா வெற்றிலைப் பெட்டியை மேஜைமேல் வைக்கிறாள். நாக்கு மட்டும் இடது கன்னத்துக்குப் போய், காலி வீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.