பானெட்டின் மேல் ஒரு ஜெபம்

டக்... டக்... டக்.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்ப உயிர் பிடிக்காத அந்தக் காரின் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அன்று காலை அக்காவை ரயிலேற்ற வேண்டும். மலைகளுக்கு அப்பால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை. மறுநாள் போய் நிற்காவிட்டால் இடம் வேறொருத்திக்கு. ஆண்டவர் தன்னை அங்கேதான் அழைக்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அப்பாவுக்கும் இல்லை. கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர் அவர். எதையும் அளந்துதான் பேசுவார். போன ஞாயிறு சபை நடுவே எழுந்து நின்று, "என் மூத்த மகளை ஆண்டவர் பணிக்குக் கொடுக்கிறேன்" என்று சாட்சி சொல்லியிருந்தார்.

அம்மாதான் அழுதுகொண்டே இருந்தாள்.

"ஏன், இந்த ஊர் ஆஸ்பத்திரியில நோயாளிங்களே இல்லையா?"

"உன் ஆசை வேற, ஆண்டவர் சித்தம் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே" என்று அப்பா அவள் வாயை அடைத்துவிடுவார்.

டக்... டக்.

"முனையில டாக்ஸி நிக்கும்பா. ஓடிப் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்றேன்.

"பதறாதே. முதல்ல ஜெபம் பண்ணுவோம்."

பானெட் மேல் கை வைத்துக் கண்ணை மூடினார். வழக்கமாக அவர் ஜெபம் சுருக்கமாக இருக்கும். அன்று ஆதாம் ஏவாளில் ஆரம்பித்தார். "எங்க திட்டம் இல்ல ஆண்டவரே, உம்ம சித்தம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணை மூடியிருந்த அக்காவின் கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

ஜெபம் பாதியில் இருக்கும்போதே தூரத்தில் ரயில் கூவிவிட்டுப் போனது. அப்பா பானெட்டிலிருந்து கையை எடுத்தார்.

"ஒருவேளை அவருக்கே சித்தமில்லையோ என்னவோம்மா" என்றார் அப்பா மெதுவாக.

அக்கா தன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ இத்தனை நாள் அவர் கூப்பிட்டார்னு நெனச்சதெல்லாம் என் பிரமையா?" என்று என்னைக் கேட்டாள்.

வழியனுப்ப ஸ்டேஷனில் காத்திருந்து ஏமாந்த மாமா, அம்மாவின் தம்பி, ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கார் பட்டறை வைத்திருக்கிறவர்.

"எங்கே போனீங்க எல்லாரும்? ரயில் போயாச்சு!"

"வண்டி கிளம்பல" என்றேன்.

"அத்தான், எத்தனை தடவை சொல்றது? இது கார் இல்ல, பழைய ஏற்பாடு. தள்ளுங்க" என்று மாமா பானெட்டைத் திறந்தார்.

அம்மா ஓவென்று அழுதாள்.

"அதுல ஒண்ணும் இல்லடா தம்பி. நான்தான்... விடியக்காலையில நான்தான் பிடுங்கிட்டேன். பெத்த வயிறுடா, கேக்கல."

பைபிள் பையைத் திறந்து, ஒரு கறுப்பு ரப்பர் குழாயை எடுத்து நீட்டினாள்.

நாங்கள் எல்லோரும் அவளையே பார்த்தோம். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. அப்பா மட்டும் பார்வையை எஞ்சின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாமா குழாயை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"அக்கா, இது கண்ணாடி கழுவற தண்ணி வர்ற குழாய். இதைப் பிடுங்கினா வண்டி நிக்காது. கண்ணாடிதான் அழுக்கா இருக்கும்."

"அப்போ வண்டி?" என்றாள் அம்மா.

மாமா உள்ளே குனிந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"பேட்டரி வயரோட நட்டைத் தளர்த்தி, வயரைச் சும்மா மேல வச்சிருக்கு. பார்த்தா மாட்டின மாதிரியே இருக்கும். இது கையால வராது. ஸ்பானர் வேணும். இந்த வீட்ல ஸ்பானர் பிடிக்கிற கை..."

முடிக்கவில்லை அவர். அப்பாவின் வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. வெளியே வரவில்லை.

"ஏங்க," என்றாள் அம்மா, "என்னை அத்தனை பேச்சுப் பேசினீங்களே?"

"எனக்கும் அவ மகதானே" என்றார் அப்பா, எஞ்சினைப் பார்த்தபடி.

அக்கா எழுந்தாள். அப்பாவை நேராகப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது நிம்மதி.

"அப்போ நிறுத்தினது நீங்கதான். அவர் இல்ல."

பெட்டியைத் தூக்கினாள்.

"மாமா, பஸ் இருக்கும்ல?"

"இருக்கு. காலையில போய்ச் சேர்ந்துடலாம். ஆனா ராத்திரி முழுக்க இடுப்பு ஒடியும்டி."

"ஒடியட்டும்."

ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்வரை அப்பா கை அசைத்துக்கொண்டே நின்றார். இடது கையை.

அன்று யார் ஜெபத்தை ஆண்டவர் கேட்டார், யாருடையதைத் தள்ளினார் என்று நான் வெகுகாலம் குழம்பியதுண்டு.

அக்கா அந்த ஆஸ்பத்திரியிலேயே தலைமை நர்ஸாகி ஓய்வு பெற்றாள். அவள் பணியில் இருந்த காலத்திலேயே அப்பா நோயில் விழுந்தபோது அங்கேதான் கொண்டுபோனோம். அக்காவின் வார்டில், அவள் மாற்றிப் போட்ட படுக்கையில்தான் கண்ணை மூடினார்.