சவப்பெட்டிக்கு ஆறாவது கை

"இந்தப் படியில கால் வைக்காதே வெண்டல். உள்ள பிள்ளைங்க இருக்காங்க."

சபை மூப்பர் ராய்ஸ் டேட்டம் தேவாலய வாசலை மறித்து நின்றார். அவர் கையில், இணையத்திலுள்ள பாலியல் குற்றவாளிகள் பட்டியலிலிருந்து அச்சடித்த ஒரு தாள். அதில் வெண்டலின் முகம், பிறந்த தேதி, ஒஹாயோ முகவரி, செய்த குற்றம்.

உள்ளே சவப்பெட்டியில் வெண்டலின் தாய் கிடந்தாள்.

"தெரியும் ஐயா. உள்ள விடுங்கன்னு கேக்கல. பிரார்த்தனை முடியற வரைக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிக்கறேன். பெட்டிய வெளிய கொண்டாரும்போது ஒரு கைப்பிடிய மட்டும் நான் பிடிச்சுக்கறேன். அம்மா என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

"நீ பண்ணின காரியத்துக்கு..."

"பண்ணினேன். எனக்கு இருபத்துமூணு, அந்தப் பொண்ணுக்குப் பதினஞ்சு. தப்பு. இன்னைக்கும் தப்புதான். ஆறு வருஷம் ஜெயில்ல இருந்தேன்."

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்துகிற உரிமை தனக்கு உண்டென்று அவன் நினைத்ததும் இல்லை.

தாய் வாழ்ந்த இந்த ஃப்ளோரிடாவில் தங்கச் சட்டம் அவனுக்கு விட்டது ஆண்டுக்கு இரண்டே நாள். மூன்றாம் நாளும் இருந்தால் இங்கேயும் அந்தக் குற்றவாளிப் பட்டியலில் பெயரைப் பதிய வேண்டும். பதிந்த பெயர் அவன் ஊர் திரும்பிய பின்னும் நீங்காது. ஒரு மணி நேரம் நின்றாலும் அது ஒரு நாள். மார்ச் மாதம் மருத்துவமனைக்குத் தாயைப் பார்க்க வந்ததில் ஒன்று கழிந்தது. ஆகையால் நேற்றே வந்து சேர்ந்தவன், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஜார்ஜியாவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காருக்குள்ளேயே முடங்கிக் கிடந்துவிட்டு, இன்று காலையில்தான் எல்லையைக் கடந்தான். மிஞ்சியிருந்த ஒரு நாளைத் தாய்க்கென்று வைத்திருந்தான்.

சத்தம் கேட்டுத் தங்கை நோரீன் வெளியே வந்தாள்.

"என்ன நடக்குது இங்க?"

"நீ உள்ள போம்மா. இது சபைக் காரியம்."

"என் அம்மா சாவு சபைக் காரியமா? ஷெரிஃப் ஆபீசுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் அண்ணன் வந்திருக்கு. அவங்களே 'அடக்கம் பண்ணிட்டுப் போப்பா'ன்னுட்டாங்க. போலீசுக்கு இல்லாத பயம் உங்களுக்கு என்னத்துக்கு?"

"போலீசுக்குச் சட்டம் போதும் நோரீன். நமக்குப் பரிசுத்தம் வேணும்."

பெட்டி தூக்க வந்திருந்த மாமன் மகன் டெல்மர் முணுமுணுத்தான். "அந்தத் தாளை பைபிளைவிடப் பத்திரமா வச்சிருக்காரே மனுஷன்! ஐயா, அஞ்சு பேர்தான் இருக்கோம். ஆறாவது கைக்கு எங்க போறது?"

"அதுக்கும் ஏற்பாடு பண்ணிட்டேன். எல்பர்ட், இப்படி வாங்க."

எல்பர்ட் ஹேஸ்டி கோட்டுப் பொத்தானைப் போட்டபடி முன்னே வந்தார். நரைத்த தலை, கனிந்த முகம். நாற்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் பாட்டுக்குழுவை நடத்துகிறவர். கூடியிருந்த பெண்கள் மரியாதையோடு ஒதுங்கி வழி விட்டார்கள்.

"ஆண்டவருக்கே வாழ்க்கையக் குடுத்தவரு. உங்கம்மா குடுத்து வச்சவங்க" என்றாள் ஒருத்தி.

வெண்டல் தலை குனிந்தான்.

"சரி விடு நோரீன். சண்டை வேண்டாம். அம்மா நல்லபடியாப் போய்ச் சேரட்டும்."

எண்ணூறு மைல் கடந்து வந்தவன், பெற்றவளின் பெட்டியைத் தொடாமலே சாலையை நோக்கித் திரும்பினான். ஆண்டவனின் சந்நிதி வாசலில் நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் 'நில்' என்று சொல்ல நா எழவில்லை.

நோரீன் மட்டும் எல்பர்ட்டின் எதிரே போய் நின்றாள்.

"எங்கம்மா பெட்டி மேல உங்க கை படக்கூடாது. அண்ணா, நீ வா. நீ வந்து பிடி."

எல்பர்ட் ஓர் அடி பின்வாங்கினார். மூப்பர்தான் கொதித்தார்.

"துக்கத்துல புத்தி கெட்டுப் பேசாதே! யாரைப் பாத்து என்ன சொல்றே? உங்க அண்ணன் மாதிரி இவர் பேர் எந்தப் பட்டியல்ல இருக்கு? காட்டு பாப்போம்!"

"ஒரு பட்டியல்லயும் இல்ல. எப்படி இருக்கும்? பாட்டு சொல்லிக் குடுக்கற ரூமுக்குள்ள இவர் எனக்குப் பண்ணினத, எங்கம்மா அழுதுக்கிட்டே ஓடிவந்து உங்ககிட்டதானே சொன்னாங்க! போலீசெல்லாம் வேண்டாம், நமக்குள்ளயே ஜெபம் பண்ணி முடிச்சுக்கலாம்னு நீங்கதானே அவங்க வாய அடைச்சீங்க! அப்ப எனக்குப் பதினோரு வயசு, மூப்பரே."